இரண்டாவது கையெழுத்து

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் வேலை இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் சிரட்டைக்கு வந்து சேராது, வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து அடிமரமெல்லாம் ஓடி வீணாகிவிடும். தெல்கந்தைத் தோட்டத்துச் சனங்கள் விடியற்காலையில் கண் விழித்ததும் சாமியை நினைக்கிறார்களோ இல்லையோ, தகரக் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் கத்தியும் வாளியும் மூலையிலேயே கிடக்கும். அந்த வருடம், அதாவது இரண்டாயிரத்து நான்காம் வருடம், வைகாசி பிறந்ததும் பிடித்த மழை தொடர்ந்து ஒன்பது நாள் விடவில்லை.

அப்படி வேலை நின்ற ஒரு புதன்கிழமை ஜீவராணி குடையை எடுத்துக்கொண்டு கீழே நிவித்திகல டவுனுக்கு இறங்கினாள். அவளுக்கு வேண்டியது ஒரு காகிதம். தன்னுடைய கல்யாணச் சர்டிபிகேட்.

தோட்டத்தில் லயம் என்கிற வரிசை அறைகளில் இருக்கிற சனங்களுக்கு ஏழு பேர்ச் அளவு காணியும் அதில் வீடு கட்ட உதவியும் கொடுக்கப் போகிறார்கள் என்று நாலு வருடமாகப் பேச்சு. எலெக்சன் வரும்போது பேச்சு வரும், எலெக்சனோடு போய்விடும். இந்த முறை மெய்யாகவே வந்துவிட்டது. கோயிலுக்கு மேலே இருக்கிற பழைய மரங்களை வெட்டி, கயிறு பிடித்து அளந்து, முளைகூட அடித்தாயிற்று. இருபத்திரண்டு குடும்பத்துக்கு இடம். காணி புருஷன், பெண்சாதி இரண்டு பேர் பெயரிலும் எழுதப்படும், ஆகவே கல்யாணச் சர்டிபிகேட் கட்டாயம், ஆனி முப்பதாம் திகதிக்கு முன்னால் கொண்டுவராதவர்களின் பெயர் லிஸ்டில் இருக்காது என்று தோட்டத்துச் சனங்களின் நலன் பார்க்கிற வெல்பெயர் ஐயா, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து இரண்டு தரம் சொன்னார்.

ஜீவராணி தனக்கான இடத்தை அப்போதே பார்த்து வைத்துவிட்டாள். மேல் வரிசையில் கடைசி முளை. பின்னால் ஒரு பலாமரம். பலாமரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றாலும் காய் விழுகிறது யார் வாசலில் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அடுப்படியைக் கிழக்கே வைப்பதா, பின்பக்கம் வைப்பதா என்று பால் வெட்டும்போதெல்லாம் யோசிப்பாள். இருந்த லயத்து அறை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அப்பா ஏழுமலை பெயரில் இருந்து, அவர் போன பிறகு தோட்டத்தில் வேலை செய்கிறவள் என்பதால் அவள் பெயருக்கு வந்தது. மழைக்கு மூன்று இடத்தில் சட்டி வைக்கவேண்டும். ஆறு வயது மகள் தர்சிகா எந்தச் சட்டி முதலில் நிறையும் என்று பந்தயம் கட்டி விளையாடுவாள்.

புருஷன் சுதாகரன் தோட்டத்து ஆள் இல்லை. குருவிட்டவில் மாணிக்கக் குழியில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிய முன்னால் போய்விடுவான். குடிப்பான், ஆனால் அளவாக. அடித்ததில்லை. லயத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் நல்ல புருஷன் என்று பெயர். ஜீவராணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவர்கள் கல்யாணம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். ஜீவராணியின் அண்ணன் சதீஸுக்கு சுதாகரனின் தங்கை சுதர்ஷினி, சுதாகரனுக்கு ஜீவராணி. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே பூசாரி, ஒரே பந்திச் சாப்பாடு. செலவும் பாதி. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நாலு பேருமாக நிவித்திகலவுக்குப் போய் ரெஜிஸ்திராரிடம் கையெழுத்து வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பனிஸும் தின்று பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தார்கள். அண்ணி, அதாவது சுதர்ஷினி, அன்றைக்கு இரண்டு பனிஸ் தின்றாள் என்பதுகூட ஜீவராணிக்கு ஞாபகம்.

இப்போது சதீஸ் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை, அடுத்த அறையில் குடியிருப்பு. வெல்பெயர் ஐயா சொன்ன அன்று சாயந்திரமே அவனும் சுதர்ஷினியும் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜீவராணி கேட்டாள்.

"அண்ணி, எங்களோடதும் ஒங்க பெட்டியில தானே கெடக்கும். கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

சுதர்ஷினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க கிட்ட இல்ல அண்ணி. அண்ணன்கிட்ட இருக்கும்."

"அவரு கிட்டயா? அவரு ஐடென்டிகார்டயே மாசத்துக்கு ஒருதரம் தொலைக்கிற ஆளு."

"அப்ப தெரியல. வந்தா கேளுங்க."

வந்தபோது கேட்டாள். அவன் "பாப்போம் பாப்போம்" என்றான். அது நடந்து மூன்று சனிக்கிழமை போய்விட்டது. பார்த்தபாடு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தால் ஆனி முடிந்துவிடும், புத்தகத்தைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதித் தருவார்களாமே என்று அவளே இறங்கிவிட்டாள்.

ரெஜிஸ்திரார் பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக வந்து, இங்கேயே முப்பது வருடம் இருந்து, ஓய்வு பெற்ற பிறகு விவாகப் பதிவு வேலையைச் செய்துவந்தார். வீட்டு முன்னறைதான் பதிவுக் கந்தோர். ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு வந்த ஜீவராணியை உட்காரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்ணூற்றேழாம் வருடப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். இரண்டு புத்தகம் பார்த்தார். பிறகு மூன்றாவதாக வேறொரு மெல்லிய புத்தகம்.

"பிள்ளை, நீர் எத்தினை தரம் இஞ்ச வந்தனீர்?"

"ஒருதரங்க ஐயா. நாலு பேரும் வந்து கையெழுத்து வச்சோமே."

"ரெண்டாந்தரம் வரேல்லையா?"

"ரெண்டாந்தரம் எதுக்குங்க?"

பஞ்சலிங்கம் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே சொன்னார். "முதல் தரம் வந்து குடுக்கிறது அறிவித்தல். இன்னாரும் இன்னாரும் கலியாணம் கட்டப் போறம் எண்டு சொல்லுறது. பன்ரெண்டு நாள் போன பிறகு, மூண்டு மாசத்துக்குள்ள, ரெண்டு சாட்சியோட திரும்ப வரவேணும். வந்து மற்றப் புத்தகத்தில கையெழுத்து வைக்கவேணும். அதுதான் கலியாணம். இதை நான் வாற ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் அனுப்புறனான்."

"எனக்கு யாரும் சொல்லலீங்களே ஐயா."

"உம்மட ஆள் அண்டைக்கு இருந்திருப்பார்தானே. ஆம்பிளையளுக்குச் சொல்லியிருப்பன். நீர் வெளியில நிண்டிருப்பீர்."

நின்றாள்தான். சுதர்ஷினியோடு வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரும். உம்மட பேர், சுதாகரன்ட பேர். அறிவித்தல் இருக்கு, பதிவு இல்லை. கீழ உள்ளது ஆர், உம்மட சகோதரமே? சதீஸ், சுதர்ஷினி. அவையள் பதினைஞ்சாம் நாள் வந்து பதிஞ்சிருக்கினம்."

"எங்கண்ணன் திரும்ப வந்திச்சா?"

"வராமல் எப்பிடிப் பதியிறது?"

வெளியே மழை பலத்தது. ஜீவராணிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். ஏழு வருடமாக ஒருத்தனோடு குடும்பம் நடத்தி, பிள்ளை பிறந்தபோது பிறப்புப் பதிவில் பெற்றோர் மணம் முடித்தவர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சத்தமாகச் சொல்லி, இன்றைக்கு முன்பின் தெரியாத மனிதர் முன்னால் இப்படி உட்கார வேண்டியிருக்கிறதே என்று உடம்பு கூசியது. ஒரே பந்தலில் நடந்தது எல்லாம் ஒன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் லயத்தில் யாரும் நினைப்பார்கள்.

"யோசிக்காதையும். இப்பவும் பதியலாம்," என்றார் பஞ்சலிங்கம். "ரெண்டு பேரும் ஒரே பிரிவில இருக்கிறபடியால் ஒரு ஆள் அறிவித்தல் குடுத்தாலே போதும். நீர் இண்டைக்குக் குடுத்தால் பன்ரெண்டு நாளைக்குப் பிறகு எப்பவும் செய்யலாம்."

"அவருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் தாங்க லீவு. ஐயா தோட்டத்துக்கு வந்து எழுதிக் குடுப்பீங்களா?"

"கந்தோருக்கு வெளியில செய்யிறதுக்கு இரத்தினபுரியில அனுமதி எடுக்கவேணும். எடுக்கலாம். அதுக்கு ஒரு கட்டணம் இருக்கு. என்னைக் கூட்டிக்கொண்டு போய் விடவேணும். ஒரு மேசை, கதிரை, மழை படாத இடம். ரெண்டு சாட்சி, ரெண்டு பேருக்கும் அடையாள அட்டை இருக்கவேணும்."

"சாட்சிக்கு எங்கண்ணன் இருக்கு. கபூர் நானாவும் வருவாரு, அவருக்குத் த்ரீவீல் இருக்கு. அதுலயே ஐயாவைக் கூட்டிட்டு வந்திருவாரு."

"ரெண்டு பேரில ஆரும் முன்னம் வேற பதிவு செய்தவையோ?"

"இல்லீங்க ஐயா. ரெண்டு பேருக்கும் இதுதான் மொதக் கல்யாணம். கடைசியும் இதுதான்."

பஞ்சலிங்கம் சிரித்துவிட்டு எழுதினார். ஜீவராணி கையெழுத்து வைத்தாள்.

லயத்துக்கு ஏறி வரும்போது ஸ்டோர் வாசலில் சதீஸ் ரப்பர் ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். பால் இல்லாத நாளில் புகை போட்ட ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை இருக்கும். அவள் குடையை மடக்காமலே கேட்டாள்.

"அண்ணே, நீயும் அண்ணியும் ரெண்டாந்தரம் போய் கையெழுத்து வச்சீங்களாமே. எங்கள ஏன் கூப்பிடல?"

சதீஸின் கை நின்றது. எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. "யாரு சொன்னா?"

"ரெஜிஸ்டார் ஐயா. புத்தகத்துல இருக்கு."

"அது... அன்னைக்கு மச்சானுக்குக் காய்ச்சல்டி. சரி அப்புறமா போய்க்கலாம்னு விட்டோம். அதுக்குள்ள கோயில் கல்யாணம் வந்திருச்சு. அதோட மறந்து போச்சு."

"ஏழு வருசமா மறந்துட்டீங்களா?"

"தாலி கட்டுனா கல்யாணம் தானேடி. இப்ப என்னா, காணிக்குத் தானே கேக்கிறாங்க. நான் வெல்பெயர் ஐயாகிட்ட பேசுறேன்."

"பேச வேணாம். நான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டேன். வார மாசம் மொத ஞாயித்துக்கிழமை ரெஜிஸ்டார் இங்கயே வாறாரு. நீ சாட்சிக் கையெழுத்து வைக்கணும்."

சதீஸ் ஒரு ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அதில் இருந்த குமிழியை வெகுநேரம் பார்த்தான். "சரி," என்றான் கடைசியில். "வைக்கிறேன்."

சனிக்கிழமை சுதாகரன் வந்தான். குழி மண் நகத்துக்குள் இருக்க, தேங்காய் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் மென்றுகொண்டே கேட்டான்.

"அந்த ரெண்டாவது தரமா? அன்னைக்கு மண்சரிவு வந்து ரோட்டு மூடிக்கெடந்துச்சு. பஸ் ஓடல."

"அண்ணே உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லுச்சு."

"காய்ச்சலும் இருந்துச்சு."

இரண்டு பேரும் பொய்யைப் பேசிவைத்துக்கொள்ள மறந்திருந்தார்கள். அது ஜீவராணிக்கு அந்த நேரமே பட்டது. ஆனால் ஒரே நாளில் காய்ச்சலும் மண்சரிவும் வரக்கூடாதென்று ஏதாவது சட்டமா என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த மேல் வரிசைக் கடைசி முளை வேண்டியிருந்தது. அதைவிட, தன் வீட்டு ஆட்களைச் சந்தேகப்படாமல் இருக்கவேண்டியிருந்தது.

"அதெல்லாம் போகட்டும். நீங்க அன்னைக்கு எங்கயும் போயிறக் கூடாது."

"ஏன்டி இப்ப போயி இதெல்லாம்? லயத்துல சிரிக்க மாட்டாங்க? ஆறு வயசுப் புள்ளைய வச்சிக்கிட்டு மாப்புள்ள வேசம் போடுறான்னு."

"காணிப் பேப்பர்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அதிசயமாக வெயில் அடித்தது. வெயில் அடித்ததால் ஞாயிறென்றும் பாராமல் மேல்மலையில் பால்வெட்டு வைத்தார்கள், பாதிச் சனம் அங்கே போய்விட்டது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள் ஜீவராணி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு மேசையும் ஐந்து கதிரையும் தூக்கி வந்து வாசலில் போட்டாள். மாமியார் இருளாயி முதல் நாளே நிவித்திகல பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கோழி அடித்து, பலாக்காய்ப் பிரட்டல், பருப்பு, வடை, பாயாசம். ரெஜிஸ்திரார் சைவமாக இருந்தாலும் இருக்கலாம் என்று கோழியைத் தனிச்சட்டியில் மூடி வைத்தாள். தர்சிகாவுக்குப் புதுச் சட்டை போட்டு, கீழ் லயத்துச் சிநேகிதியோடு விளையாட அனுப்பிவிட்டாள். அப்பா அம்மா கல்யாணத்தைப் பிள்ளை பார்க்கிறதாவது.

பதினொரு மணிக்குக் கபூர் நானாவின் த்ரீவீல் ஏறி வந்தது. பஞ்சலிங்கம் ஒரு தோல் பையோடு இறங்கி, செருப்பில் ஒட்டிய செம்மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு, மேசையில் புத்தகத்தை விரித்தார். ஒரு பக்கம் சுதாகரனும் ஜீவராணியும், எதிரே சதீஸும் கபூரும். இருளாயியும் சுதர்ஷினியும் கதவடியில் நின்றார்கள். அடையாள அட்டைகளை வாங்கி எண்ணைப் பதிந்தார். அப்பா பெயர், தொழில், வயது எல்லாம் எழுதினார்.

"கையெழுத்து வைக்க முன்னம் நான் ஒண்டு வாசிக்கவேணும். இது சட்டம்." தொண்டையைச் செருமிக்கொண்டு, இருவருக்கும் இந்த விவாகத்துக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்ற பிரகடனத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகச் சுதாகரனைப் பார்த்தார். "விளங்கிச்சுதா தம்பி? முன்னம் ஒரு பதிவு இருந்து, அதைக் கோட்டில போய் ரத்துச் செய்யாமல் இன்னொண்டு செய்தால் குற்றம். போன மாசி மாசம் இப்பிடி ஒரு ஆள் எனக்குப் பொய் சொல்லிக் கையெழுத்து வச்சவர். இப்ப மறியல்ல, கம்பி எண்ணிக்கொண்டு இருக்கிறார். அதுதான் எல்லாரிட்டையும் கேக்கிறன்."

அவர் வழக்கமாகச் சொல்கிறதைத்தான் சொன்னார். பேனாவைச் சுதாகரனிடம் நீட்டினார்.

சுதாகரன் வாங்கினான். புத்தகத்துக்கு மேலே குனிந்தான். குனிந்தவன் அப்படியே இருந்தான். அவன் கழுத்துப் பின்புறம் வியர்த்து வழிவதை ஜீவராணி பார்த்தாள். வெயில் மேசைக்கு வரவில்லை.

"எழுதுங்க," என்றாள் அவள் மெதுவாக.

"கொஞ்சம் இருடி."

"பேனா எழுதலையா?"

அவன் பேனாவை மேசையில் வைத்துவிட்டான். எதிரே இருந்த சதீஸுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, தன்னுடைய குரல் தன் மச்சானுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

"வைடா மச்சான். ஐயாவு செத்து மூணு வருசமாச்சு. இனி யாரு வந்து கேக்கப் போறா? அந்தப் புள்ளைக்குத் தாலியா கட்டுன? அது கணக்கே இல்ல."

மேசை அகலம் நாலடி. அந்த நாலடிக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

பஞ்சலிங்கம் புத்தகத்தை மூடவில்லை, பேனாவை மட்டும் எடுத்து மூடியைப் போட்டார். "ஆர் ஐயாவு?"

கபூர் நானா தன் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஐயாவு யாரு?" என்று ஜீவராணி கேட்டாள்.

கதவடியிலிருந்து இருளாயிதான் வாயைத் திறந்தாள். "அது ஒண்ணுமில்ல புள்ள. பலாங்கொட பக்கத்துல ஒரு கங்காணி. அவன் மகளுக்கும் இவனுக்கும் பத்தொம்பது வயசுல பேச்சு நடந்துச்சு. அந்த ஊரு வழக்கப்படி மொதல்ல எழுதிட்டாங்க. தை மாசம் தாலி கட்டுறதுன்னு இருந்துச்சு. அதுக்குள்ள மாப்புள்ள எங்க தோட்டத்துல தான் வந்து இருக்கணும்னு நின்னான். எம்மகன் மாட்டேன்னு வந்துட்டான். தாலி கட்டல, ஒருநாள் சேந்து இருக்கல. அத போயி யாரும் கல்யாணம்னு சொல்லுவாங்களா?"

"சட்டம் சொல்லும் அம்மா," என்றார் பஞ்சலிங்கம்.

"பொறகு ஏன் எங்கிட்ட சொல்லல?" ஜீவராணி மாமியாரைப் பார்த்துக் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"நாங்க மொததரம் எழுதிட்டு வந்த அடுத்த வாரம் ஐயாவு ஆள் அனுப்பிட்டான்," என்றான் சதீஸ். "சுதாகரன் வேற எடத்துல பதிஞ்சா பொலிசுக்குப் போவேன்னு. அதான் உங்களோடத மட்டும் பதியாம விட்டோம். தாலி கட்டுறத யாரும் தடுக்க முடியாது பாரு."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரியும் தானே ஒனக்கு?"

"அப்பா படுக்கையில கெடந்தாருடி. பத்திரிகை குடுத்தாச்சு."

"அது இல்ல அண்ணே. நான் மாட்டேன்னா அண்ணியையும் ஒனக்குக் குடுத்திருக்க மாட்டாங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது தானே. ஒண்ணு நின்னா ரெண்டும் நிக்கும். அதானே?"

சதீஸ் மேசையில் கிடந்த மை ஒற்றுகிற அட்டையை அப்படியும் இப்படியும் நகர்த்தினான். கதவடியில் சுதர்ஷினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஒன்னோடத பதிய ரெண்டு பேரும் விடியக்காலையில போனீங்களே. நான் அன்னைக்கு அப்பாவுக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருந்தேன். எங்க போறீங்கன்னு கேட்டேன். சேலை எடுக்கப் போறோம்னு சொன்னீங்க."

"நீ கெட்டா போயிட்ட?" சதீஸுக்கு இப்போது குரல் உயர்ந்தது. மாட்டிக்கொண்ட மனிதனுக்கு அப்படித்தான் உயரும். "ஏழு வருசம் நல்லாத் தானே வாழ்ந்த? அடிச்சானா, ஒதைச்சானா? வேற பொம்பள வச்சிருந்தானா? ஒரு காயிதம் இல்ல, அவ்வளவுதான். காணிதானே பிரச்சினை? எங்களுக்கு வாறதுல பின்னால ஒரு ரூம் எறக்கித் தாறேன். எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

அவன் நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னான் என்பதுதான் கொடுமை. அண்ணனுக்கு வீடு, அந்த வீட்டுப் பின்னால் தனக்கு ஒரு தாழ்வாரம். புருஷன் ஏமாற்றினான் என்றால், அவன் கல்யாணத்துக்கு முன்னால் வெறும் வெளியாள், தன் காரியத்தைப் பார்த்தான். அண்ணன் ஒரே பாயில் படுத்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். அவளைக் கொடுத்துத் தனக்கொரு பெண்சாதியை வாங்கியிருக்கிறான், அதை ஏழு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே மறைத்திருக்கிறான்.

சுதாகரன் இதுவரை தலை நிமிரவில்லை. இப்போது ரெஜிஸ்திராரிடம் கேட்டான். "ஐயா, அத ரத்துப் பண்ண எவ்வளவு நாளு புடிக்கும்?"

"மாவட்டக் கோட்டில வழக்குப் போடவேணும். அந்தப் பிள்ளை எங்கை எண்டு தேடவேணும். ரெண்டு வருசமும் ஆகும், நாலு வருசமும் ஆகும். அதுவரைக்கும் சட்டப்படி நீர் அந்தப் பிள்ளையிட புருசன்."

"அப்ப நான் யாருங்க ஐயா?" என்றாள் ஜீவராணி.

பஞ்சலிங்கம் முப்பது வருடம் கச்சேரியில் இருந்த மனிதர், எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தியைச் சொல்லியிருப்பார். இதைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சட்டப்படி எண்டால் பிள்ளை... நீர் கலியாணம் முடிக்காத ஆள்."

"எங்கண்ணனோட கல்யாணத்தப் பிரிக்கணும்னா கோர்ட்டுக்குப் போகணும்?"

"ஓம். அது பதிஞ்ச கலியாணம்."

"அந்தப் பலாங்கொடப் புள்ளைய விடணும்னாலும் இவரு கோர்ட்டுக்குப் போகணும்?"

"ஓம்."

"என்னைய விட்டுட்டுப் போகணும்னா?"

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு ஆரிட்டையும் போகத் தேவையில்லை."

"அப்ப எனக்கும் தேவையில்ல," என்றாள் ஜீவராணி.

அவள் கதிரையை விட்டு எழும்பினாள். அறைக்குள் போய் வாழையிலையைக் கொண்டுவந்து, மேசையில் புத்தகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி, ரெஜிஸ்திராருக்கும் கபூர் நானாவுக்கும் போட்டாள். கபூர் நானா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"ஒங்க மேல என்னாங்க நானா குத்தம்? பலாக்காய்ப் பெரட்டல் தான், சாப்பிடுங்க. சமைச்சத நாய்க்கா போடுறது?" சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, வடையை வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணே, அப்பா இல்ல. எனக்கு ஆம்பள தொணைன்னா நீ ஒருத்தன் தான். கல்யாணமாகாத தங்கச்சி வீட்டு வாசல்ல ஒரு அந்நிய ஆம்பள வந்து உக்காந்திருக்காரு. அவர எழும்பிப் போகச் சொல்லு."

"ஏய், என்னாடி பேசுற?" என்று இருளாயி பாய்ந்து வந்தாள். "கழுத்துல தாலிய வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"தாலியப் பத்தி நீங்க பேசாதீங்க அத்த. தாலி கட்டலேன்னா அது கல்யாணமில்லன்னு சொன்னீங்க. எழுதலேன்னா இது கல்யாணமில்லன்னு ஐயா சொல்றாரு. நீங்க எல்லாரும் ஒங்களுக்குத் தோதானத எடுத்துக்கிட்டீங்க. எனக்குத் தோதானத நான் எடுத்துக்கிறேன். இந்த ரூம் என் பேருல இருக்கு. நாளைக்குக் காலையில வெல்பெயர் ஐயாகிட்ட போயி, நான் தனி ஆளு, ஒரு புள்ள இருக்கு, என் பேருல மட்டும் எழுதுங்கன்னு கேக்கப் போறேன். குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டி இந்த ஒழுகுற கூரை போதும். அண்ணே, சொல்லு."

"தங்கச்சி, வேணாம்," என்றான் சதீஸ். "புள்ளைய நெனச்சுப் பாரு."

"நீ அன்னைக்கு நெனச்சியா? சொல்லு அண்ணே. நான் சொன்னா புருசன் பொண்டாட்டி சண்டைன்னு ஆயிரும். நாளைக்கு நாலு பேரு வந்து சேத்து வச்சிருவாங்க. நீ தானே கூட்டிட்டு வந்த. நீயே போகச் சொல்லு."

சதீஸ் தன் பெண்சாதியைப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாரைப் பார்த்தான். கடைசியில் சுதாகரனைப் பார்த்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகக் குழியில் இறங்கியவர்கள், ஒரு தட்டில் தின்றவர்கள்.

"மச்சான்," என்றான். ஜீவராணி காத்திருந்தாள். கபூர் நானா சோற்றில் கையை வைத்தபடி குனிந்திருந்தார்.

"மச்சான்... எழும்புடா. போயிருடா."

சுதாகரன் எழும்பினான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கி, பாதையில் நடந்தான். இருளாயி மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். மேல்மலையில் பால் வெட்டி முடித்த சனங்கள் வாளிகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வழியில் அவனைக் கண்டு, "என்னா மாப்புள்ள, சாப்பாட்டு நேரத்துல எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். அவன் நிற்கவில்லை.

அவன் வளைவில் மறையும்வரை ஜீவராணி அழவில்லை. ரெஜிஸ்திராருக்கு மோர் ஊற்றிவிட்டு, அறைக்குள் போய், அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். லயம் முழுவதும் கேட்கிற மாதிரி அழுதாள். சுதர்ஷினி "அண்ணி, அண்ணி" என்று கதவில் கையை வைத்தாள். சதீஸ் வாசலிலேயே நின்றான். ஓடிப்போனவனுக்காக அழுகிறாள் என்று பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்த்துத் தேற்ற வந்தார்கள். கிட்டே வந்த பிறகுதான் கேட்டது. ஒரு தரம்கூட அவள் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. "அண்ணே, ஏன் அண்ணே, ஏன் அண்ணே" என்றுதான் அழுதுகொண்டிருந்தாள்.